ஒரு ஜோடிக் கொலுசுக்கு எத்தனை சர்க்கார்?

வாசகர் கேள்விகள் – சேலத்து வரி ஆலோசகர் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ராகம். ‘இதுக்கு டெல்லி பொறுப்பா, சென்னை பொறுப்பா, யாரைத் திட்டறது?’ திட்டுவது உங்கள் உரிமை. ஆனால் முகவரி சரியாக இருக்க வேண்டாமா? லீ பஜாரில் ஒரு வெல்ல மண்டியில் பேரேடு எழுத உட்கார்ந்தவன் நான். அப்புறம் விற்பனை வரி ஆலோசகராகி, கறுப்புக் கோட்டு போடாமலே வக்கீல்களோடு காலம் தள்ளியவன். அந்த அனுபவத்தில் ஆறு கேள்விகளை எடுத்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பில்லில் சிஜிஎஸ்டி ஒன்றரை, எஸ்ஜிஎஸ்டி ஒன்றரை என்று இரண்டு வரி போடுகிறோம். அதே சரக்கு குஜராத் போனால் ஐஜிஎஸ்டி மூன்று. தராசுக்கு முத்திரை போட ஒருத்தர் வருகிறார், தொழில் வரிக்கு ஒருத்தர், ஹால்மார்க் பற்றிச் சொல்ல இன்னொருத்தர். ஒரு ஜோடிக் கொலுசுக்கு எத்தனை சர்க்கார் ஐயா?
– கொலுசுப் பட்டறைக்காரர், பனங்காடு

பதில்: இரண்டுதான். மாநகராட்சியையும் சேர்த்தால் இரண்டரை. ஆனால் அந்த இரண்டும் உங்கள் கொலுசை ஒரே இடத்தில் பிடிப்பதில்லை. ஒன்று கண்ணியைப் பிடிக்கும், ஒன்று சலங்கையைப் பிடிக்கும்.

உங்கள் ஊர்ப் பட்டறைகளில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன். மூசையில் வெள்ளி உருகி, கம்பியாக நீண்டு, கண்ணி கண்ணியாகக் கோத்து, பொடி வைத்து ஊதிப் பற்றவைத்து, கடைசியில் கண்ணாடி மூடி போட்ட அந்தச் சின்னத் தராசுக்கு வருகிறது. அங்கே நிறுத்திக் கொள்வோம். தராசின் பக்கவாட்டில் ஒரு ஈயக் கட்டி, அதில் முத்திரை. அந்த முத்திரையை நன்றாகப் பாருங்கள், நம்ம அரசியலமைப்பே அதில் இருக்கிறது. யார் எதற்குச் சட்டம் போடலாம் என்று அது மூன்று பட்டியல் வைத்திருக்கிறது: டெல்லிக்கு ஒன்றியப் பட்டியல், மாநிலத்துக்கு மாநிலப் பட்டியல், இருவருக்கும் பொதுப் பட்டியல். ஒரு கிராம் என்றால் எவ்வளவு என்று நிர்ணயிப்பது ஒன்றியப் பட்டியலில் 50-ம் எண், நாடாளுமன்றத்தின் வேலை. உங்கள் தராசு அந்த கிராமைச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பது அதில் வராது. அது முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976-ல் 42-வது திருத்தம் அதைத் தூக்கிப் பொதுப் பட்டியலில் 33ஏ என்று வைத்தது. இன்றைக்கு நடப்பது 2009-ம் வருஷ எடையளவுச் சட்டம். சட்டம் டெல்லியுடையது, முத்திரை போட வருபவர் தமிழ்நாடு தொழிலாளர் துறை ஆய்வர். சட்டம் ஒரு இடத்தில், கை இன்னொரு இடத்தில். நம்ம ஊரில் வியாபாரத்தைத் தொடும் சட்டம் பலவும் இந்த மாதிரிதான். மாம்பழத்தைக் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்தால் பிடிப்பவரும் மாநில அரசு அதிகாரி, அவர் கையில் இருப்பது 2006-ம் வருஷ மத்தியச் சட்டம்.

டச், அதாவது வெள்ளியின் சுத்தம், அந்தச் சமாச்சாரம் தனி. ஹால்மார்க் விதிகள் முழுக்க மத்திய அரசுடையவை. தங்கத்துக்குக் கட்டாயம் வந்துவிட்டது. வெள்ளிக்கு இன்னும் விருப்பம்தான், 2025 செப்டம்பரிலிருந்து அடையாள எண்ணோடு முத்திரை கிடைக்கிறது. வடநாட்டு வியாபாரிகள் கேட்க ஆரம்பித்தால் உங்கள் விருப்பம் தானாகக் கட்டாயம் ஆகிவிடும், அதற்குச் சட்டம் வேண்டாம்.

வரிக்கு வருவோம். 2017 ஜூலை முதல் தேதிக்கு முன்னால் வரப்பு தெளிவாக இருந்தது. பொருளைச் செய்தால் மத்திய அரசுக்குக் கலால், விற்றால் மாநில அரசுக்கு விற்பனை வரி. ஒரே பொருள், இரண்டு நிமிஷம், இரண்டு கை. 101-வது திருத்தம் 246ஏ என்று ஒரு பிரிவைக் கொண்டுவந்து அந்த வரப்பை வெட்டிவிட்டது. இப்போது ஒரே விற்பனையின் மேல் இரண்டு அரசும் ஒரே நேரத்தில் வரி போடலாம். அதனால்தான் ஒன்றரை, ஒன்றரை. குஜராத்துக்குப் போகும் சரக்கில் டெல்லி மட்டும் மூன்றை வாங்கிக்கொண்டு பிற்பாடு குஜராத்தின் பங்கைக் கொடுக்கும். உங்களுக்கு மூன்று மூன்றுதான். சண்டை பெரியவர்களுக்குள்.

அந்த அரை சர்க்கார், அதாவது மாநகராட்சி தொழில் வரி: இது மாநிலப் பட்டியல், 60-ம் எண். 276-வது பிரிவு வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று கட்டிப் போட்டிருக்கிறது. 1950-ல் 250 ரூபாய், 1988-ல் 2,500 ஆனது. அதற்கப்புறம் ஏறவே இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் 1988 விலையிலேயே நிற்கும் ஒரே சங்கதி அதுதான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஜவ்வரிசி லோடு எல்லை தாண்டினால் அது மத்திய சர்க்கார் சரக்கு என்று என் தாத்தா சொல்வார். அவர் காலத்தில் சி பாரம், எஃப் பாரம் என்று கட்டுக்கட்டாக வைத்திருந்தார். இப்போது எல்லாம் போய் இ-வே பில் மட்டும்தான். தாத்தா சொன்னது சரியா?
– ஜவ்வரிசி ஆலை, ஆத்தூர்

பதில்: பாதி சரி தம்பி. மீதிப் பாதிக்காக நான் ஒரு வழக்கில் தோற்றிருக்கிறேன்.

ஏட்டில் இருப்பது சுருக்கம். மாநிலத்துக்குள் நடக்கும் வியாபாரம் மாநிலப் பட்டியலில் 26-ம் எண். மாநிலம் விட்டு மாநிலம் நடக்கும் வியாபாரம் ஒன்றியப் பட்டியலில் 42. ஆனால் லாரி எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது என்பதால் மட்டும் விற்பனை மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை ஆகிவிடாது. லாரி எதற்காகக் கிளம்பியது என்பதுதான் கேள்வி. ஒருத்தர் வாங்கிவிட்டார், அதனால் கிளம்பியது என்றால் 1956-ம் வருஷ மத்திய விற்பனை வரிச் சட்டம். இங்கிருந்து நம்ம ஏஜென்ட்டுக்குப் போய், அங்கே மண்டியில் கிடந்து, அப்புறம் ஒருத்தர் வாங்கினால் அது அந்த ஊர் விற்பனை, அந்த மாநில வரி. முதல் வகைக்கு, வாங்குகிறவர் கொடுக்கும் சி பாரம், அது இருந்தால் வரி குறைவு. இரண்டாவது வகைக்கு, அதான் கன்சைன்மென்ட், எஃப் பாரம். சேலத்து ஜவ்வரிசி பெரும்பாலும் இரண்டாவது வழியில்தான் வடக்கே போனது. மகாராஷ்டிரத்தில் விரதக்காரர்கள் சாப்பிட வேண்டும், நாம் குச்சிக்கிழங்கு அரைக்க வேண்டும், நடுவில் ஒரு கமிஷன் ஏஜென்ட்.

1986 ஐப்பசியில் எனக்கு வேண்டப்பட்ட ஒருவர் 90 கிலோ மூட்டை நூறு ஏற்றி அனுப்பினார். காகிதமெல்லாம் கன்சைன்மென்ட். ‘விற்றுக் கமிஷன் போக அனுப்பவும்’ என்று நானே கடிதம் எழுதிக் கொடுத்தேன். எல்லைச் சாவடியில் வண்டியை ஓரங்கட்டினார்கள். அதிகாரி காகிதத்தைப் பார்க்கவில்லை, டார்ச் அடித்து மூட்டையைப் பார்த்தார். ஒவ்வொரு சாக்கிலும் நீல மையில் ஒரு தாமரை, கீழே இரண்டெழுத்து. வாங்குபவருடைய மார்க்! ஆலையில் மூட்டை தைத்த பையன் வழக்கம்போல அச்சுத் தகட்டை வைத்து மை ஒற்றியிருக்கிறான். அவனைக் குற்றம் சொல்லி என்ன பண்ண, ஃபோனில் ஆர்டர் சொல்லும்போது அப்படித்தான் சொன்னார்களாம்.

இரண்டு ராத்திரி வண்டி அங்கேயே நின்றது. மழை. தார்ப்பாயில் ஒரு கிழிசல். பதினொரு மூட்டை ஊறிப்போனது. டிரைவர் எஸ்டிடி போட்டு, “சார், பாயசம் ஆயிருச்சு சார்” என்றார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஏதாவது காரியம் கெட்டால் அதைத்தான் சொல்வார்கள்.

மேல்முறையீட்டில் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். யார் வாங்கப் போகிறார் என்று தெரியாத சரக்கில், வாங்குகிறவர் முத்திரை எப்படி முன்னாலேயே வந்தது? பதில் இல்லை. கன்சைன்மென்ட் இல்லை, விற்பனை என்றாகிவிட்டது. வாங்கினவரிடமிருந்து சி பாரமும் நேரத்தில் வரவில்லை, 4 சதவீதம் கட்ட வேண்டிய மனுஷன் 10 கட்டினார். என் கடிதத்தை விட அந்தத் தாமரைக்கு எடை அதிகம் என்பதை அன்றைக்குக் கற்றேன். அதற்கப்புறம் எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் முதலில் குடோனுக்குப் போய்ச் சாக்கைப் பார்ப்பேன், பிறகுதான் ஃபைல்.

உங்கள் தாத்தா சொன்னதில் இன்னொரு திருத்தம். மத்திய விற்பனை வரி என்று பெயர்தான் மத்திய. வசூலித்து வைத்துக்கொண்டது சரக்கு கிளம்பிய மாநிலம். உங்கள் ஜவ்வரிசியைப் புனேயில் சாப்பிட்டாலும் வரி சென்னைக்கு வந்தது. ஜிஎஸ்டியில் அது தலைகீழ். சரக்கு எங்கே செலவாகிறதோ அந்த மாநிலத்துக்கு. நிறையச் செய்து வெளியே அனுப்பும் தமிழ்நாடு மாதிரி மாநிலங்கள் முதலில் முரண்டு பிடித்ததற்கு இதுதான் காரணம். ஐந்து வருஷம், வருவாய் 14 சதவீதம் வளரும் என்று கணக்கு வைத்து, குறைந்ததை டெல்லி ஈடுகட்டும் என்று சட்டம் போட்ட பிறகுதான் வண்டி நகர்ந்தது. 2022 ஜூனோடு அந்த ஐந்து வருஷம் முடிந்தது.

இ-வே பில், அதாவது சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டு, அதிலும் இரண்டு கை தெரியும், கவனித்திருப்பீர்கள். வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் பில் வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் வரை வேண்டாம். ஒரே மூட்டைதான். சாவடிகளை 2017-ல் எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் போனால் நான் இன்னும் அனிச்சையாகத் தார்ப்பாயைப் பார்க்கிறேன்.

கேள்வி: விற்பனை வரிக்கும் சேலத்துக்கும் பூர்வஜென்ம பந்தம் உண்டு என்று எங்கள் பேராசிரியர் சொல்லிவிட்டு மணி அடித்ததும் போய்விட்டார். அது என்ன? பெட்ரோலுக்கு ஏன் ஜிஎஸ்டி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவும்.
– சட்டக் கல்லூரி மாணவி, சேலம்

பதில்: இரண்டும் ஒரே கதைதான் அம்மா, பேராசிரியர் இன்னும் பத்து நிமிஷம் இருந்திருக்கலாம்.

1935-ம் வருஷ இந்திய அரசுச் சட்டம்தான் இன்றைய பட்டியல்களுக்குத் தாய். அதன்படி 1937-ல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி பிரதமரானார், மாகாண முதலமைச்சரை அப்போது அப்படித்தான் சொல்வார்கள். இந்தச் சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்தவர், நகராட்சித் தலைவராக இருந்தவர். அந்த வருஷம் அக்டோபர் முதல் தேதி மதுவிலக்கு வந்தது, மாகாணம் முழுக்க அல்ல, முதலில் சேலம் மாவட்டத்தில் மட்டும். அப்போது தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் சேலத்தோடு சேர்த்தி. என் பாட்டி அந்த மாசத்தை ‘பானை கவிழ்த்த மாசம்’ என்பாள்.

கள்ளுக்கடை மூடினால் கஜானாவில் பள்ளம். அதை நிரப்ப 1939-ல் சென்னை பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது, இந்தியாவில் எல்லாப் பொருளுக்கும் பொதுவாகப் போட்ட முதல் விற்பனை வரி. உடனே வியாபாரிகள் கேட்டார்கள், உற்பத்தி மேல் வரி போடுவது டெல்லியின் உரிமையாயிற்றே, ஆலைக்காரன் செய்கிற முதல் விற்பனைக்கு மாகாணம் வரி போட்டால் அது வேஷம் மாறிய கலால்தானே என்று. கடலை எண்ணெய் ஆட்டி விற்ற போட்டு பைடண்ணா என்ற நிறுவனத்தின் வழக்கு 1942-ல் ஃபெடரல் கோர்ட்டுக்கு, அதாவது இன்றைய உச்ச நீதிமன்றத்தின் முன்னோடிக்குப் போனது. மாகாணம் ஜெயித்தது. அந்தத் தீர்ப்பின் நியாயத்தை நான் என் பாஷையில் சொல்கிறேன். எண்ணெய் ஆட்டினவன் அதை விற்காமல் தன் வீட்டுத் தாளிப்புக்கே எடுத்துக்கொண்டாலும் கலால் உண்டு, ஏனென்றால் அது ஆட்டியதற்கு வரி. விற்பனை வரியோ, விற்றால்தான். இரண்டும் ஒரே நாளில், ஒரே வாசலில் நடக்கலாம். அதற்காக ஒன்றாகிவிடாது. இதை விட எளிமையான வரப்பை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. 75 வருஷம் அதன் மேல்தான் நடந்தோம்.

பெட்ரோல் இதற்கும் மூத்தது. மத்திய மாகாணமும் பெராரும் சேர்ந்த அரசு 1938-ல் பெட்ரோல் சில்லறை விற்பனைக்கு வரி போட, அதுதான் ஃபெடரல் கோர்ட்டில் இந்தச் சண்டையின் முதல் சுற்று. அதிலும் மாகாணம் ஜெயித்தது. இன்றைக்கு ஜிஎஸ்டி வந்தும் பெட்ரோல், டீசல், கச்சா எண்ணெய், இயற்கை வாயு, விமான எரிபொருள் ஐந்தும் வெளியே நிற்கின்றன. ஜிஎஸ்டி கவுன்சில் தேதி சொல்லும்வரை பழைய வழக்கம், டெல்லிக்குக் கலால், மாநிலத்துக்கு விற்பனை வரி. கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு, தீர்மானத்துக்கு நான்கில் மூன்று வேண்டும். டெல்லி இல்லாமல் எதுவும் நகராது, டெல்லி மட்டும் நகர்த்தவும் முடியாது. பெட்ரோலை யார்தான் முதலில் விடுவார்கள்?

குடிக்கிற சாராயமோ ஜிஎஸ்டிக்குள் வரவே முடியாது, வார்த்தை வரையறையிலேயே தள்ளிவைத்துவிட்டார்கள். ஆக, சாராயத்துக்குப் பதிலாக வந்த வரி ஜிஎஸ்டியில் கரைந்துபோனது, சாராயம் மட்டும் மாநிலத்தின் கையில் பத்திரமாக இருக்கிறது. பானை கவிழ்த்த பாட்டி இதைக் கேட்டால் என்ன சொல்வாளோ.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் ஆரஞ்சும் பலாவும் காபியும் இருக்கின்றன. ஆரஞ்சைக் கேட்க ஆளில்லை, காபிக்கு மட்டும் மத்திய அரசு போர்டு ஏன்? பெண் காபியை வறுத்து அரைத்துப் பொட்டலம் போட்டு விற்கலாம் என்கிறாள், வருமான வரி வருமா?
– சிறு காபி விவசாயி, ஏற்காடு

பதில்: விவசாயம் மாநிலப் பட்டியல், 14-ம் எண். ஆனால் 52-ம் எண்ணில் ஒன்றியப் பட்டியலில் ஒரு கதவு இருக்கிறது. ஒரு தொழிலை மத்திய அரசு கட்டுப்படுத்துவது பொதுநலனுக்கு உகந்தது என்று நாடாளுமன்றம் சட்டத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும், அந்தத் தொழில் டெல்லிக்குப் போய்விடும். காபிச் சட்டத்தின் இரண்டாவது பிரிவு அந்த ஒரு வரிதான். சட்டத்துக்கு வருஷம் 1942. உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டு, காய் தேங்கி, விலை விழுந்த நேரம். ஆரஞ்சுக்கு அந்த மாதிரி ஒரு வரியை யாரும் எழுதவில்லை. மிளகு போட்டிருந்தால் அதற்கு ஸ்பைசஸ் போர்டு உண்டு, மறக்க வேண்டாம்.

சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820-களில், காக்பர்ன் என்ற கலெக்டர் காலத்தில். அவருக்கு அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் தோட்டக்காரர் தன் காயைத் தானே விற்றார். 1942-க்குப் பிறகு அது முடியவில்லை. பறித்ததெல்லாம் போர்டின் பூலுக்கு, அதாவது எல்லார் காயும் சேரும் பொதுத் தொகுப்புக்குக் கொடுக்க வேண்டும். காசு தவணை தவணையாக வரும். “பேத்தி கல்யாணத்துக்குக் கொடுத்த காய்க்கு, பேத்திக்குக் குழந்தை பிறந்தப்புறம் கடைசித் தவணை வந்துச்சு” என்று மேலே ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். 90-களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, 1996-ல் எல்லாருக்கும் முழுவதுமாக விட்டார்கள். சட்டம் நிற்கிறது, பூல் போய்விட்டது.

வருமான வரிதான் உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த இடம். விவசாய வருமானத்துக்கு நாடாளுமன்றம் வரி போட முடியாது, அது மாநிலத்துக்கு. சரி, காபி எந்த நிமிஷத்தில் விவசாயமாக இருப்பதை விட்டுவிட்டு வியாபாரமாகிறது? செர்ரியாகப் பறித்து அப்படியே விற்றால் முழுக்க விவசாயம். பதப்படுத்தி, மேல்தோல் நீக்கிக் கொட்டையாக நீங்களே விற்றால் வருமானத்தில் 25 சதவீதம் வியாபாரம். வறுத்து அரைத்து விற்றால் 40 சதவீதம், சிக்கரி கலந்தாலும் கலக்காவிட்டாலும். நாங்கள் 7பி என்ற எண்ணில் படித்த விதி இது. உங்கள் பெண் அடுப்பைப் பற்ற வைத்ததும் இன்னும் பதினைந்து சதவீதம் டெல்லி பக்கம் சாய்ந்துவிடும். அதற்காக வறுக்காமல் இருக்க வேண்டாம். பொடிக்குக் கிடைக்கும் விலையில் அந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. உணவுப் பாதுகாப்புப் பதிவு மட்டும் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: மகள் நியூஜெர்சியில் இருந்துகொண்டு நம்ம ஊர் வெண்பட்டு வேட்டியை ஆன்லைனில் விற்கிறாள். அங்கே மாநிலத்துக்கு ஒரு வரி என்கிறாள். அவர்களுக்குப் பட்டியல் கிடையாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: கிடையாது டீச்சர். அவர்கள் காங்கிரஸுக்கு, அதாவது அவர்களுடைய நாடாளுமன்றத்துக்கு மட்டும் அதிகாரங்களை எண்ணி எழுதினார்கள். மிச்சம் எல்லாம் மாநிலத்துக்கு. நாம் மூன்று பட்டியல் போட்டு, மிச்சத்தை டெல்லிக்குக் கொடுத்தோம். அவர்கள் எழுதியதில் வியாபாரத்துக்கு இருப்பது ஒரே ஒரு வாக்கியம்: மாநிலங்களுக்கிடையே நடக்கும் வணிகத்தைக் காங்கிரஸ் ஒழுங்குபடுத்தலாம். அந்த ஒரு வாக்கியத்தை அவர்களுடைய உச்ச நீதிமன்றம் இழுத்த இழுப்பு இருக்கிறதே!

ஒஹையோவில் ஃபில்பர்ன் என்று ஒரு விவசாயி. மத்தியச் சட்டப்படி அவருக்கு 11.1 ஏக்கர் கோதுமைதான் அனுமதி. 23 ஏக்கர் விதைத்தார். கூடுதலாக வந்த 239 புஷல் என் கோழிக்கும் மாட்டுக்கும் வீட்டு மாவுக்கும்தான், சந்தைக்கே போகவில்லை என்றார். 117 டாலர் 11 சென்ட் அபராதம். நீதிமன்றம், நீ வீட்டுக் கோதுமையைத் தின்றால் சந்தையில் வாங்க மாட்டாய், எல்லாரும் அப்படிச் செய்தால் நாட்டு விலையே மாறும், அதனால் இதுவும் மாநிலங்களுக்கிடையான வணிகம்தான் என்றுவிட்டது. வருஷம் 1942. மேலே கடலை எண்ணெய் வழக்கும் 1942, காபிச் சட்டமும் 1942. வேண்டுமென்றே தேடவில்லை, எழுதும்போது தானாக வந்து விழுந்தது.

மகளுக்கு வேண்டியது இது. நியூஜெர்சி விற்பனை வரி 6.625 சதவீதம், ஆனால் அங்கே உடைக்கு வரி இல்லை, வேட்டி தப்பித்தது. வெளி மாநிலத்துக்கு அனுப்பினால் அந்தந்த மாநிலக் கணக்கு. 2018-ல் சவுத் டகோட்டா வழக்கில், கடை அந்த மாநிலத்தில் இல்லாவிட்டாலும் வியாபாரம் ஒரு அளவைத் தாண்டினால் வரி வசூலித்துக் கட்டச் சொல்லலாம் என்று தீர்ப்பு. அந்த அளவு மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சின்ன வியாபாரம் என்றால் கவலை இல்லை, பெரிதானால் அங்கேயே ஒரு கணக்கரைப் பிடிக்கச் சொல்லுங்கள். சேலத்திலிருந்து நான் சொன்னேன் என்று ஃபைல் பண்ண வேண்டாம்.

கேள்வி: வீடு கட்டுகிறேன். ஜல்லி விலை ஏறிவிட்டது, கேட்டால் லாரிக்காரர் ‘புதுசா நில வரி’ என்கிறார். சுரங்கமெல்லாம் மத்திய அரசு என்றுதானே படித்தோம்?
– ஓமலூர் வாசகர்

பதில்: லாரிக்காரர் சொன்னது நிஜம். கனிமம் உள்ள நிலத்துக்குத் தமிழ்நாடு 2024-ல் ஒரு வரிச் சட்டம் போட்டு, 2025 ஏப்ரலில் அமலுக்குக் கொண்டுவந்தது. ஆனால் சீனியரேஜ், அதாவது வெட்டியெடுத்த கனிமத்துக்கு அரசு வாங்கும் கட்டணம் வேறு, இந்த வரி வேறு, பில்லில் இரண்டையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

மாநிலம் இதைப் போடலாமா என்பது முப்பத்தைந்து வருஷச் சண்டை, தொடங்கியதும் நம்ம மாநிலத்தில். ஊராட்சிச் சட்டப்படி ராயல்டி மேல், அதாவது கனிமம் எடுக்கக் குத்தகைக்காரர் கொடுக்கும் தொகை மேல், தமிழ்நாடு ஒரு செஸ், கூடுதல் வரி, போட்டது. இந்தியா சிமென்ட்ஸ் வழக்குப் போட்டது. 1989-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள், முடியாது என்றார்கள். கனிம வளர்ச்சியை 1957-ம் வருஷச் சட்டத்தால் டெல்லி கையில் எடுத்துக்கொண்டது, ராயல்டியே ஒரு வரி, அதன் மேல் மாநிலம் வரி போட முடியாது என்று. 2004-ல் ஐந்து நீதிபதிகள் கேசோராம் வழக்கில் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் படித்துவிட்டு ஒன்று சொன்னார்கள் பாருங்கள். ‘ராயல்டி ஒரு வரி’ என்று இருப்பது அச்சுப்பிழை, ‘ராயல்டி மீதான செஸ் ஒரு வரி’ என்றிருக்க வேண்டும்! பதினைந்து வருஷம் ஒரு வார்த்தை விட்டுப்போனதன் மேல் நாடு நடந்திருக்கிறது என்றார்கள். மண்டியில் பேரேட்டில் ஒரு சைபர் விட்டதற்கு என் சம்பளத்தில் பிடித்த முதலாளி அன்றைக்கு எனக்கு ஞாபகம் வந்தார்.

ஏழு பேர் சொன்னதை ஐந்து பேர் அச்சுப்பிழை என்று தள்ள முடியுமா? அதற்காக ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். 2024 ஜூலை 25, எட்டுக்கு ஒன்று. ராயல்டி வரி அல்ல, குத்தகைக்காரர் நிலத்துக்காரருக்குக் கொடுக்கும் விலை. நிலத்துக்கு வரி போடுவது மாநிலப் பட்டியலில் 49-ம் எண், அந்த நிலத்துக்கு அடியில் கனிமம் இருப்பதால் அந்த உரிமை போய்விடாது. மாறுபட்டவர் நீதிபதி நாகரத்னா. மாநிலங்கள் போட்டி போட்டு வரியை ஏற்றினால் நாடு முழுக்க ஒரே மாதிரி கனிம விலை இருக்காது என்பது அவர் கவலை. ஜங்ஷன் பக்கம் ரயிலில் வந்தால் வெள்ளையாகத் தெரிகிற மேக்னசைட் மேடுகளுக்கும் இதே சட்டம்தான்.

உங்கள் ஜல்லிக்கு வருவோம். வரி டன் கணக்கு, அதாவது எடை. லாரிக்காரர் விலை யூனிட் கணக்கு, அதாவது கன அளவு. யூனிட்டுக்கு எத்தனை டன் என்று அவர் போட்டிருக்கிறார் என்பதைக் கேட்டு வாங்கி, எடைமேடைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் சீட்டின் நகலை அனுப்புங்கள், அடுத்த இதழில் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.